பழைய லண்டன் வீட்டுக்கு ஜன்னல் மாற்றப் போகிறீர்களா? கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்

லண்டனில் பழைய வீடு வாங்கி முதல் குளிர்காலம் வந்ததும் நம்மவர்கள் வீட்டில் எழும் பேச்சு ஒன்றுதான்: "இந்த ஜன்னலையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு டபுள் கிளேஸிங் போட்டாத்தான் சரிப்படும்." ஒரே சட்டத்தில் இரண்டு கண்ணாடி வைத்த ஜன்னலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஈஸ்ட்ஹாம், டூட்டிங், லெய்ட்டன், வால்தம்ஸ்டோ பக்கமெல்லாம் வரிசையாக ஒட்டி நிற்பவை பெரும்பாலும் விக்டோரியா, எட்வர்ட் காலத்து வீடுகள். இடுக்கு வழியாகக் கூதல் காற்று வரும், திரைச்சீலை ஆடும், ஹீட்டிங் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு நோட்டீஸ் விழும், அடுத்த சனிக்கிழமை ஒரு விற்பனையாளர் வந்து சோபாவில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசுவார், கடைசியில் நூறு வருடம் நின்ற மர ஜன்னல்கள் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

மாற்றவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் மாற்றுவது கடைசி முடிவாக இருக்க வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அனுமதி, அப்புறம் வடிவம், அப்புறம் மரமா பிளாஸ்டிக்கா, கண்ணாடி அதற்கும் பிறகு. விற்க வருகிறவர் இதைத் தலைகீழாக, கண்ணாடியில் தொடங்குவார். அங்கேதான் பலரும் கவிழ்கிறார்கள்.

கீழே உள்ளது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் கொஞ்சம் வேறு, அங்கே இருப்பவர்கள் தங்கள் கவுன்சிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன ஜன்னல்?

பழைய வீடுகளில் அதிகம் இருப்பது சாஷ் ஜன்னல். மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு, இரண்டும் மேலும் கீழும் வழுக்கி நகரும். இரண்டு பக்க நிலையும் உள்ளே பெட்டிபோல் பொள்ளலாக இருக்கும், அதற்குள் இரும்பு அல்லது ஈய எடை கயிற்றில் தொங்கும். கயிறு கப்பி வழியாக ஏறி ஜன்னல் கதவின் பக்கவாட்டில் முடியும். கதவின் எடையும் தொங்கும் எடையும் ஏறக்குறைய சமமாக இருப்பதால்தான் இவ்வளவு கனமான ஜன்னலை ஒரு கையால் தூக்க முடிகிறது, விட்ட இடத்தில் நிற்கவும் செய்கிறது. நிலையின் உள்பக்கத்தில், கீழே, ஒரு மரத்துண்டு தனியாக வெட்டிப் பொருத்தியிருப்பதைப் பாருங்கள். பல கோட் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். அதைக் கழற்றினால் எடை கைக்கு வரும். கயிறு அறுந்தால் மாற்றுவதற்காக அன்றைய தச்சர்கள் விட்டுவைத்த வழி அது. இதைத் தெரிந்து வைத்திருங்கள், "ஜன்னல் ரிப்பேர் பண்ணவே முடியாது சார்" என்று யாராவது சொன்னால் அந்த மரத்துண்டைக் காட்டிக் கேட்கலாம்.

காலத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியை எண்ணினாலே ஓரளவு போதும். ஜார்ஜிய காலத்தில் (1714 முதல் 1830 வரை) பெரிய கண்ணாடி கிடைப்பது கடினம், விலையும் அதிகம், அதனால் மேலே ஆறு, கீழே ஆறு என்று சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவே மிக மெல்லிய மரச்சட்டங்கள். 1845இல் கண்ணாடி மேலிருந்த வரியை எடுத்தார்கள், 1851இல் ஜன்னல் வரியும் போனது. ஆமாம், ஜன்னலை எண்ணி வரி போட்ட ஊர்தான் இது, 1696இலிருந்து. வரி போனதும் பெரிய கண்ணாடி மலிந்தது, விக்டோரியா காலத்து வீடுகளில் மேலே இரண்டு கீழே இரண்டு, பிறகு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டங்கள் குறைந்தன. கண்ணாடி கனமானதால் மூட்டு பிரிந்துவிடாமல் இருக்க மேல் கதவின் இரண்டு ஓரமும் கீழே கொஞ்சம் நீட்டி விட்டார்கள், ஹார்ன் என்று சொல்லும் அந்தச் சின்ன மரக் கொம்பு அப்படி வந்ததுதான். எட்வர்ட் காலத்து வீடுகளில் மேல் கதவில் மட்டும் சின்னக் கட்டங்கள் இருக்கும், கீழே ஒரே கண்ணாடி. சில இடங்களில் பக்கவாட்டில் திறக்கும் ஜன்னலும் ஈயப் பட்டையில் பதித்த வண்ணக் கண்ணாடியும் உண்டு. ஹாரோ, வெம்பிளி பக்கம் 1930களில் கட்டிய வீடுகள் தனி ஜாதி. அங்கே ஈயப் பட்டை ஜன்னலோ, கிரிட்டால் கம்பெனி செய்தது மாதிரி இரும்புச் சட்ட ஜன்னலோதான் கட்டிய காலத்தில் இருந்திருக்கும்.

இதெல்லாம் எதற்கு என்றால், புதிதாகப் போடுவது வீட்டின் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஜார்ஜிய வீட்டு ஜன்னலுக்குக் கொம்பு வைப்பதும், விக்டோரியா வீட்டுக்கு அழகுக்காக என்று ஆறு கட்டம் போடுவதும் தெருவில் நின்று பார்க்கிறவர் கண்ணில் உடனே குத்தும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே யாராவது மாற்றிவிட்டிருந்தால் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். ஒரே பில்டர் கட்டிய வரிசையாக இருந்தால், மாற்றாமல் விட்ட வீடு ஒன்றாவது இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் கோட்டேஷன் வாங்கும்போது அதுதான் உங்கள் வரைபடம்.

அடுத்து, ஜன்னல் உண்மையிலேயே கெட்டுவிட்டதா?

ஒரு சின்னப் பேனாக்கத்தி எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் போங்கள். நிலையின் அடியில் கிடக்கும் மரமான அடிக்கட்டையில், குறிப்பாக இரண்டு மூலையிலும், கீழ் கதவின் அடிச்சட்டத்திலும் கத்தி முனையை மெதுவாக அழுத்துங்கள். நல்ல மரத்தில் ஒன்றிரண்டு மி.மீ. கூட இறங்காது. இற்றுப்போன மரத்தில் வெண்ணெயில் போவதுபோல் போகும். பெயிண்ட் உப்பியிருந்தாலும், மூட்டுகளில் விரிசல் தெரிந்தாலும் அங்கேயும் குத்திப் பாருங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் லப்பம் காய்ந்து உதிர்கிறதா, கதவை ஆட்டினால் மூலை ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

பெரும்பாலும் கீழ்ப்பகுதி மட்டும்தான் போயிருக்கும், தண்ணீர் நிற்கும் இடம் அது. மேலே முழுவதும் கல் மாதிரி இருக்கும். அந்தக் காலத்து மரம் மெதுவாக வளர்ந்து, நெருக்கமான ரேகையோடு இருந்த பைன். இன்று கடையில் வாங்கும் சாதாரண பைன் அதன் பக்கத்தில் நிற்காது. இற்றுப்போன பகுதியை வெட்டி எடுத்துப் புது மரம் ஒட்டுவது தெரிந்த தச்சருக்குச் சாதாரண வேலை. அடிக்கட்டை முழுவதையும் மாற்றலாம். கதவை மட்டும் புதிதாகச் செய்து பழைய நிலையிலேயே தொங்கவிடலாம். நிலை, கதவு, அடிக்கட்டை எல்லாமே போய்விட்டது என்றால்தான் முழுதாக மாற்றும் பேச்சு.

ஓர் எச்சரிக்கை: 1960களுக்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே சுரண்டலாம் என்று உலர்ந்த பெயிண்டை மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஹீட் கன் போட்டு எரிக்காதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சோதிக்கும் கிட் கடைகளில் கிடைக்கிறது.

மாற்றாமலே குளிரை நிறுத்த முடியுமா?

பல வீடுகளில் முடியும். பழைய சாஷ் ஜன்னலில் குளிர் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று இடுக்கு வழியாக உள்ளே புகும் காற்று, இன்னொன்று ஒற்றைக் கண்ணாடி வழியாக வெளியே போகும் சூடு. உடம்பில் உறைப்பது பெரும்பாலும் முதலாவதுதான். கதவைக் கழற்றி, ஓரங்களில் பிரஷ் பட்டை பதித்து, கயிறு மாற்றித் திரும்பப் போடுவார்கள். இங்கிலாந்தில் பழங்காலக் கட்டடங்களைக் கவனிக்கும் அமைப்பு கிளாஸ்கோ காலிடோனியன் பல்கலைக்கழகத்தில் செய்வித்த ஆய்வு 2009இல் வந்தது. நல்ல நிலையில் உள்ள சாஷ் ஜன்னலில் இப்படி இடுக்கு அடைத்தால் புகும் காற்று 86 சதவீதம் வரை குறைகிறது என்று அதில் சொன்னார்கள்.

கண்ணாடி வழியாகப் போகும் சூட்டுக்கு செகண்டரி கிளேஸிங். பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, உள்பக்கம் மெல்லிய சட்டத்தில் இன்னொரு கண்ணாடி. சூட்டைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ பூச்சுள்ள கண்ணாடியாகப் போட்டால் சூடு போவது பாதிக்கும் மேல் குறையும். இதற்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. ஹவுன்ஸ்லோ, சவுத்ஹால் பக்கம் தலைக்கு மேல் விமானம் போகும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். சத்தத்தை நிறுத்த இரண்டு கண்ணாடிக்கு நடுவே 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி வேண்டும். டபுள் கிளேஸிங்கில் அந்த இடைவெளி 16 மி.மீ. அளவில்தான். ஆகவே சத்தத்துக்கு செகண்டரிதான் கெட்டிக்காரன். அழகு குறையும், துடைப்பதற்கு இரட்டிப்பு வேலை, ஜன்னலோரம் பூந்தொட்டி வைக்க இடமிருக்காது. அது வேறு கதை.

பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. தொழில்முறை ஆளை வைத்து இடுக்கு அடைக்கும் பட்டை போட்டால் அதற்கு இப்போது வாட் வரி பூஜ்யம், 2027 மார்ச் முடியும் வரை. புது ஜன்னலுக்கு முழு 20 சதவீதம். கோட்டேஷன் வரும்போது அந்த வரியைக் கவனியுங்கள், சிலர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 20 போட்டுவிடுவார்கள்.

சரி, பார்த்தாயிற்று, மாற்றித்தான் ஆக வேண்டும்.

அனுமதி: இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

நான்கு கேள்விகள், இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

வீடு பட்டியலிடப்பட்ட கட்டடமா? பழங்காலக் கட்டடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு வைத்திருக்கும் தேசியப் பட்டியலில் முகவரி போட்டு யார் வேண்டுமானாலும் தேடலாம். கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2 என்று மூன்று படி, பெரும்பாலான வீடுகள் கிரேடு 2. "கிரேடு 2தானே, வெளிப்பக்கம் மட்டும்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உள்ளும் புறமும் சேர்த்துத்தான் பட்டியல். லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் இல்லாமல் ஜன்னலை மாற்றுவது குற்றம். அபராதம் மட்டும் போடும் விதிமீறல் என்று நினைத்துவிடாதீர்கள், கிரிமினல் குற்றம். இதற்குக் காலவரையறையும் கிடையாது. உங்களுக்கு முன் இருந்தவர் அனுமதியில்லாமல் பிளாஸ்டிக் போட்டிருந்தாலும் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இப்போது வீட்டை வைத்திருப்பவருக்குத்தான் வரும். வீடு வாங்கும்போதே சொலிசிட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். நல்ல செய்தி என்னவென்றால் இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முடிவுக்கு எட்டு வாரம் என்பது கணக்கு, அதைத் தாண்டவும் செய்யும்.

பழைய தோற்றத்தைக் காக்க கவுன்சில் குறித்துவைத்த கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் இருக்கிறதா? இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அங்கே ஆர்ட்டிகிள் 4 என்ற உத்தரவும் போட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அது இருந்தால் சாதாரண வீட்டுக்காரருக்கு இருக்கும் சுதந்திரம் பறிபோய்விடும், ஜன்னலுக்குக்கூட பிளானிங் பெர்மிஷன் வேண்டும். கவுன்சில் இணையதளத்தில் வரைபடத்தோடு இருக்கும். ஒரே தெருவில் ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமலும் இருக்கலாம், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஃபிளாட்டா, தனி வீடா? பெரிய விக்டோரியா வீட்டை இரண்டு மூன்று ஃபிளாட்டாகப் பிரித்ததில் ஒன்றை வாங்கியவர்கள் நம்மில் நிறைய. வீட்டுக்கு உள்ள சுதந்திரம் ஃபிளாட்டுக்குக் கிடையாது, தோற்றம் மாறும்படி ஜன்னல் மாற்றினால் பிளானிங் பெர்மிஷன் தேவைப்படும். அதோடு லீஸைப் படியுங்கள். பல லீஸ்களில் கண்ணாடி உங்களுடையது, சட்டமும் நிலையும் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருடையது. அப்படியிருந்தால் மாற்ற அவர் அனுமதி வேண்டும். இற்றுப்போன நிலையைப் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பாகவும் இருக்கலாம், அது உங்களுக்கு லாபம்.

இந்த மூன்றும் இல்லாத சாதாரண வீடு என்றால் பிளானிங் வேண்டாம், ஆனால் புது ஜன்னல் பழையதோடு ஒத்த தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான்காவதாக, கட்டட விதிகள். 2002 ஏப்ரலிலிருந்து ஜன்னல் மாற்றுவது கட்டட விதிகளுக்குள் வருகிறது, எந்த வீடாக இருந்தாலும். ஃபென்சா, செர்டாஸ் போன்ற அமைப்பில் பதிந்த கம்பெனி என்றால் அவர்களே சான்றிதழ் கொடுப்பார்கள். பதியாத தச்சர் என்றால் வேலை தொடங்குமுன் கவுன்சிலில் பில்டிங் கன்ட்ரோலுக்கு நீங்கள் விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். இதனால் அவர் வேண்டாம் என்று ஆகிவிடாது, நல்ல மரவேலைக்காரர் பலர் எதிலும் பதியாமல்தான் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: ஃபென்சா சான்றிதழ் கட்டட விதிகளுக்கு மட்டும்தான். அது கையில் இருப்பதால் பிளானிங் அனுமதி இருப்பதாக ஆகாது.

மரமா, பிளாஸ்டிக்கா?

பட்டியலிட்ட வீடு, ஆர்ட்டிகிள் 4 வீடு என்றால் கேள்விக்கே இடமில்லை, மரம்தான். மற்றவர்களுக்கு என் கருத்தைச் சொல்கிறேன். தெருவைப் பார்த்த முன்பக்கத்துக்கு மரம், பணம் தட்டுப்பாடு என்றால் பின்பக்கத்துக்கும் பாத்ரூமுக்கும் யுபிவிசி என்ற பிளாஸ்டிக். முன்பக்கத்தை இந்த வருடம் இரண்டு, அடுத்த வருடம் இரண்டு என்று செய்தாலும் பரவாயில்லை. முன்பக்கம் வெளியே துருத்தி நிற்கும் பே ஜன்னலில் மட்டமான பிளாஸ்டிக் போட்ட வீட்டை விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் முகத்திலேயே தெரியும்.

மரத்தில் சாதாரண பைன் மலிவு, ஆனால் பராமரிக்காவிட்டால் சீக்கிரம் போய்விடும். சப்பேலி போன்ற கடின மரம் அதற்கு மேல். அக்கோயா என்று ஒன்று இப்போது பிரபலம். வேகமாக வளரும் பைன் மரத்தையே அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு பதப்படுத்தி, தண்ணீர் ஊறி உப்பாதபடி செய்கிறார்கள். தரைக்கு மேல் பயன்படுத்தினால் மரத்துக்கு 50 வருட உத்தரவாதம் தருகிறார்கள். விலை கூடத்தான். ஆனால் குறைந்தபட்சம் அடிக்கட்டைக்காவது இதைக் கேளுங்கள், அங்கேதான் தண்ணீர் நிற்கும். மரம் என்றால் பெயிண்ட் அடிக்க வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது. தெற்கு பார்த்த ஜன்னல் வடக்கு பார்த்ததைவிட முன்னதாகவே கேட்கும்.

யுபிவிசி என்றால், எல்லாம் ஒன்றல்ல. சாஷ் மாதிரி தோற்றம் காட்டிவிட்டு, திறந்தால் மேல்பாதி வெளியே சாய்ந்து திறக்கும் போலி ஜன்னல்கள் இருக்கின்றன. மூடியிருக்கும்போது சுமாராகத் தெரியும், திறந்த உடன் வேஷம் கலைந்துவிடும். உண்மையாகவே மேலும் கீழும் வழுக்கும் சாஷாகக் கேளுங்கள். மூலைகளைப் பாருங்கள்: 45 பாகையில் குறுக்காக உருக்கி ஒட்டிய கோடு தெரிந்தால் அது பிளாஸ்டிக் என்று தெருக்கோடியிலிருந்தே தெரியும், மரத்தைப்போல் நேர்மூட்டு வைத்ததும் கிடைக்கிறது. கொம்பு தனியாக ஒட்டியதா, சட்டத்தோடு தொடர்ச்சியாக வந்ததா என்று கேளுங்கள். நடுச்சட்டங்கள் கண்ணாடிக்கு உள்ளே மாட்டிய வெள்ளைப் பட்டையாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

சட்டத்தின் தடிமன்தான் எல்லாவற்றையும் கெடுப்பது. பழைய ஜார்ஜிய ஜன்னலில் நடுச்சட்டம் 16 மி.மீ. அளவுக்கு மெலிந்திருக்கும். தடித்த டபுள் கிளேஸிங்கைத் தாங்க அது போதாது, அதனால் புதிதில் தடிக்கும், ஜன்னலே கொழுத்துப்போனது போல் ஆகிவிடும். இரண்டு கதவும் நடுவில் சந்திக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இதே கதி. கோட்டேஷனில் இந்த இரண்டு அளவையும் மி.மீ. கணக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள், பழையதை நீங்களே அளந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

தூக்கும் முறையையும் கேளுங்கள். டபுள் கிளேஸிங் கதவு பழையதைவிட மிகக் கனம், பழைய எடை அதற்குப் போதாது. அதே பெட்டிக்குள் ஈய எடை போட்டுச் சமப்படுத்தலாம், ஏனென்றால் ஈயம் இரும்பைவிட அடர்த்தி. அல்லது கயிறும் கப்பியும் இல்லாமல் ஸ்பிரிங் வைப்பார்கள். பட்டியலிட்ட வீட்டில் ஸ்பிரிங்கை ஒப்புக்கொள்வது அரிது. மற்ற வீடுகளில் அது உங்கள் இஷ்டம், எனக்குக் கயிறுதான் பிடிக்கும், ஐம்பது வருடம் கழித்தும் எந்தத் தச்சராலும் மாற்ற முடியும்.

கண்ணாடி

இப்போதுதான் கண்ணாடி. சூடு எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதை யு-வேல்யூ என்ற எண்ணால் சொல்வார்கள், எண் சின்னதாக இருந்தால் நல்லது. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் 5 பக்கம் இருக்கும். 2022 ஜூனிலிருந்து மாற்றுகிற ஜன்னல் 1.4க்கு மேல் போகக் கூடாது, அல்லது ஆற்றல் சேமிப்பில் பி தரச் சான்று வேண்டும். பட்டியலிட்ட வீட்டுக்கும் கன்சர்வேஷன் ஏரியாவுக்கும், வீட்டின் தன்மை கெடும் என்றால், தளர்வு உண்டு. விற்பனையாளர் சொல்லும் எண் கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டுமா, சட்டத்தையும் சேர்த்த முழு ஜன்னலுக்கா என்று கேளுங்கள். முழு ஜன்னலின் எண்தான் கணக்கு. நடுப்பகுதி எண் எப்போதும் அழகாக இருக்கும்.

சாதாரண டபுள் கிளேஸிங் 24 மி.மீ. அளவில் இருக்கும், ஒன்றுக்கு ஒன்று என்று பெரிய கண்ணாடியுள்ள விக்டோரியா ஜன்னலுக்கு இதுவே போதும். சின்னக் கட்டங்கள் உள்ள ஜன்னலுக்கு 12 மி.மீ. பக்கம் வரும் ஸ்லிம் கிளேஸிங் கிடைக்கிறது. இன்னும் ஒரு படி மேலே வேக்குவம் கிளேஸிங்: இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றையே உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், மொத்தத் தடிமன் ஒரு செ.மீ.க்கும் குறைவு. பழைய மெல்லிய சட்டத்திலேயே உட்கார வாய்ப்பு உண்டு, விலைதான் கண்ணைக் கட்டும். கண்ணாடியில் கூர்ந்து பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், இரண்டு கண்ணாடியும் ஒட்டிக்கொள்ளாமல் தாங்கும் தூண்கள் அவை. இது பிடிக்குமா என்று வாங்குமுன் ஒரு மாதிரியை நேரில் பாருங்கள்.

போட்டது லோ-ஈ கண்ணாடிதானா என்று சந்தேகம் வந்தால் இருட்டிய பிறகு ஒரு தீக்குச்சியைக் கண்ணாடி அருகே பிடியுங்கள். டபுள் கிளேஸிங்கில் நான்கு சுடர் தெரியும். அதில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது.

பழைய ஜன்னலில் அசல் கண்ணாடி இருந்தால், எதிர்வீட்டின் நிழல் அதில் நெளிந்து தெரியும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டியலிட்ட வீட்டில் அதை எடுக்கவே விடமாட்டார்கள். மற்ற வீடுகளில்கூட அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

சின்னதாகத் தெரியும், சிக்கவைக்கும் விதிகள்

காற்றோட்டம். 2022 விதிகளுக்குப் பிறகு, புது ஜன்னல் போட்டதால் அறையின் காற்றோட்டம் முன்பைவிடக் குறையக் கூடாது. அதனால் டிரிக்கிள் வென்ட் என்ற சின்னக் காற்றுத் துளை பெரும்பாலும் வைக்க வேண்டிவரும், படுக்கையறை, கூடம், சமையலறைக்கு 8,000 சதுர மி.மீ. கணக்கு. பலருக்கு இது பிடிப்பதில்லை, "காசு கொடுத்துக் குளிரை உள்ளே விடுவதா" என்று சண்டை போடுவார்கள். நம் வீடுகளுக்கு இது ரொம்பத் தேவை. இட்லி ஆவி, சாதம் வடித்த ஆவி, ரேடியேட்டர் மேல் காயும் துணி, இவ்வளவு ஈரமும் முன்பெல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. இறுக்கமான ஜன்னல் போட்டபின் அது எங்கே போகும்? கட்டில் பின்னால் சுவரில் கரும்பூஞ்சையாக வரும். துளையைச் சட்டத்தின் மேல்பக்கம் மறைவாக வைக்கச் சொல்லலாம். சமையலறையில் ஃபேன் வெளியே தள்ளுகிறதா, இல்லை வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தீ பிடித்தால் தப்பும் வழி. மாடிப் படுக்கையறை ஜன்னல் வழியாக ஆள் வெளியேற முடிவதாக இருந்தால் புதியதிலும் முடிய வேண்டும். திறக்கும் இடம் குறைந்தது 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மி.மீ.க்குக் குறையாமல், திறப்பின் அடி தரையிலிருந்து 1,100 மி.மீ.க்கு மேல் போகாமல். குழந்தை விழாமல் தடுப்பு மாட்டினால் பெரியவர்கள் அதை உடனே விலக்க முடிய வேண்டும்.

தரையிலிருந்து 800 மி.மீ.க்குக் கீழே வரும் கண்ணாடியும் ஆள் போய்வரும் கதவை ஒட்டி 300 மி.மீ.க்குள், 1,500 மி.மீ. உயரம் வரை வரும் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். கம்பெனிக்காரருக்குத் தெரியும். தனித் தச்சர் என்றால் நீங்கள் கேளுங்கள்.

கோட்டேஷன் வாங்கும்போது

மூன்று இடத்தில் வாங்குங்கள், அதில் ஒருவராவது புதுசு விற்பவராக இல்லாமல் சாஷ் ஜன்னல் பழுதுபார்ப்பவராக இருக்கட்டும். "இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை", "மேனேஜரிடம் பேசிப் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன்" என்பதெல்லாம் பழைய நாடகம். வீட்டில் வந்து போடும் ஒப்பந்தத்துக்கு 14 நாள் மனமாற்ற உரிமை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அளவெடுத்து உங்கள் வீட்டுக்கென்றே செய்யும் பொருளுக்கு அது பொருந்தாமல் போகலாம். ஆகவே ரத்து செய்துகொள்ளலாம் என்ற தைரியத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. கம்பெனி இழுத்து மூடிவிட்டால் இந்த ஒரு வசதி காப்பாற்றும். உத்தரவாதம் பத்து வருடம் என்றால், கம்பெனி இல்லாமல் போனாலும் செல்லுபடியாகும் காப்பீட்டு உத்தரவாதமா என்று கேளுங்கள்.

பே ஜன்னல் இருந்தால் தனியாக ஒரு கேள்வி: மேலே உள்ள எடையை எது தாங்குகிறது? சில வீடுகளில் செங்கல் அல்லது கல் தூண் தாங்கும், சிலவற்றில் பழைய மரச் சட்டமே மேல்மாடியைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் சட்டத்தை நிறுத்தினால் கொஞ்ச நாளில் மேலே விரிசல் விடும், ஜன்னல் திறக்காது. உள்ளே எடை தாங்கும் இரும்புக் குழாய் வைக்கிறார்களா, வேலை நடக்கும்போது முட்டுக் கொடுக்கிறார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

பொருத்தும் நாளில்

நிலை சுவரில் பழையதைப்போலவே செங்கல் முகத்திலிருந்து உள்ளடங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லண்டனில் 1709இலேயே நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள், தீ பரவாமல் இருக்க. சுவர் முகத்தோடு சமமாக நிறுத்திவிட்டால் வீட்டின் முகமே மாறிவிடும், மழையும் நேராக அடிக்கும். பழைய நிலையைவிடச் சின்னதாகச் செய்து கொண்டுவந்து சுற்றிலும் ஃபோமும் அகலமான பிளாஸ்டிக் பட்டையும் வைத்து மறைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள், அளவு தப்பியதற்கு அது அடையாளம். எல்லாக் கதவையும் நீங்களே மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், பாதியில் விட்டால் நிற்கிறதா, பூட்டு சிரமமில்லாமல் விழுகிறதா. கடைசித் தவணை அதற்கு அப்புறம்.

சான்றிதழ் சில வாரத்தில் வரும். அதை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், விற்கும்போது எதிர்த்தரப்பு சொலிசிட்டர் கேட்கும் முதல் காகிதங்களில் அது ஒன்று. பனிக்காலக் காலையில் புதுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் கம்பெனிக்குப் போன் போட வேண்டாம், உள்ளே இருக்கும் சூடு வெளிக்கண்ணாடிக்கு வராததால் அது குளிர்ந்து பனி படிகிறது, வெயில் ஏறினால் போய்விடும். உள்பக்கம் வியர்த்தால் அறையில் ஈரம் அதிகம், அந்தக் காற்றுத் துளையை யாரோ மூடி வைத்திருப்பார்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மங்கினால் மட்டும் சீல் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது உத்தரவாதக் காகிதத்தை எடுங்கள்.